மோட்டுலோவா மனிதனின் சராசரி எடை

மோட்டுலோவா தீவின் விமான நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு எடை மேடை, தென்னந்தோப்பில் போய் முட்டும் ஒரு புல்தரை. அவ்வளவுதான். அதற்கு மேலாளர், சுமை ஏற்றுபவர், சீட்டுக் கொடுப்பவர், ஓடுபாதையிலிருந்து பன்றி விரட்டுபவர் எல்லாமே லோசலைன் ஒருத்திதான். வெள்ளி மாலையும் திங்கள் காலையும் தலைநகரம் நுகுஅலோஃபாவிலிருந்து ஒரு குட்டி விமானம் வந்து திரும்பும். எட்டுப் பேர் உட்காரலாம். ஏழு இருக்கைகளுக்குத்தான் சீட்டு விற்பார்கள். எட்டாவது இருக்கை ஊழியரின் வீட்டு ஆளுக்கு இனாம்.

லோசலைனின் வீட்டு ஆள் பெயர் கேப்பு. தலைநகரத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். கல்யாணமாகி இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. வெள்ளி மாலை எட்டாவது இருக்கையிலிருந்து இறங்குவான், திங்கள் காலை அதிலேயே ஏறிப் போவான். நடுவில் நடப்பதெல்லாம் ஊருக்குத் தெரியாது என்று லோசலைன் நினைத்துக்கொண்டிருந்தாள். பலகைச் சுவர் வைத்த வீடுகள் நெருக்கிக் கிடக்கும் ஊரில் அப்படி நினைக்க ஒரு துணிச்சல் வேண்டும். திங்களன்று அவள் முகத்தைப் பார்த்தே இந்த வாரம் விமானம் சரியாக வந்ததா இல்லையா என்று பெண்கள் சொல்லிவிடுவார்கள். கப்பலும் உண்டு. ஆனால் அது மாதம் ஒரு தடவை வந்தால் பெரிய விஷயம். அலை அடித்தால் அதுவும் வராது.

இந்த நிலையில்தான் எடைப் பிரச்சினை வந்து சேர்ந்தது. விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் எடை போடுவது மரியாதை இல்லை என்று, ஒரு ஆளுக்கு எழுபத்தேழு கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டு வந்தார்கள். அந்த எழுபத்தேழு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ எந்த ஊரிலோ யாரோ எடை பார்த்த எண். தலைநகரில் ஒருநாள் யாரோ ஒருவர் விமானத்தில் ஏறுகிற கூட்டத்தைக் கண்ணால் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டும். அந்தந்தத் தீவுக்கு அந்தந்தத் தீவின் சராசரியைக் கண்டுபிடியுங்கள் என்று உத்தரவாகிவிட்டது. ஊரையே எடை போட முடியாது. அதனால் இருபது பேரை எடை பார்த்து, அதிலிருந்து ஊரின் சராசரியை மதிப்பிட ஹெப்பெட்டி என்ற இளைஞன் வருவான். சராசரி எண்பதுக்குள் இருந்தால் எட்டுப் பேர் போகலாம். அதைத் தாண்டினால் ஏழு. ரொம்பவும் தாண்டினால் ஆறு.

ஏழு என்றால் எட்டாவது இருக்கை இல்லை. எட்டாவது இருக்கை இல்லையென்றால் கேப்பு இல்லை. லோசலைனுக்கு இந்தக் கணக்குப் போட எந்த அதிகாரியும் தேவைப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஹெப்பெட்டியும் கேப்புவும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வந்து இறங்கினார்கள். வழியெல்லாம் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்களாம். இவன் எதற்காக வருகிறான் என்று கேப்பு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடுக்கடலிலேயே தள்ளிவிட்டிருப்பான்.

இருபது பேரை அனுப்பும் பொறுப்பை லோசலைன் ஊர் அதிகாரி ஃபிலிமோனேயிடம் விட்டிருந்தாள். அவள் செய்த முதல் தப்பு அது. அரசாங்கம் நம் ஊர் ஆட்களில் இருபது பேரைப் பார்க்க வருகிறது என்று ஃபிலிமோனே ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். அவ்வளவுதான், ஊருக்கு வேறு வேலை ஓடவில்லை. விவசாயக் கண்காட்சிக்குப் பெருவள்ளிக் கிழங்கு அனுப்பும்போது என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். இருப்பதிலேயே பெரியது, உருண்டு திரண்டது, தூக்க நாலு பேர் வேண்டியது எதுவோ அதைத் தேடினார்கள். பாதிரியார் மாஹே முதல் ஆள். அதில் போட்டியே இல்லை. பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடும் இரண்டு மலைகள் அடுத்து. ஃபிலிமோனே தன் பெயரையும் தன் மனைவி மெலெனைட்டே பெயரையும் கூச்சமில்லாமல் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூட வாத்தியார் நானும் வருகிறேனே என்றபோது, ஊர் மானத்தை வாங்காதே என்று அனுப்பிவிட்டார்கள். பாவம், காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு அவருக்கு.

சனிக்கிழமை காலை இருபது பேரும் வந்தார்கள். வெறும் வயிற்றோடு அல்ல. அரசாங்கத்தின் முன்னால் நிற்கப் போகிறோம் என்று இடுப்பில் தாவோவலா பாய், அதிலும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற கனமான பாய், சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்க்கச் சொல்ல ஹெப்பெட்டிக்கு வாய் வரவில்லை. அவனும் இந்த நாட்டுக்காரன்தானே. அதிகாரி முன் பாயை அவிழ்ப்பதும் அம்மணமாக நிற்பதும் ஒன்று என்று அவனுக்கும் தெரியும். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒவ்வொரு எண்ணையும் ஃபிலிமோனே சத்தமாகத் திருப்பிச் சொன்னார். கூடியிருந்த ஊர் கை தட்டியது. நூறுக்குக் கீழே ஒரு எண் வந்தபோது மட்டும் யாரும் தட்டவில்லை. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

ஹெப்பெட்டி எல்லாவற்றையும் கூட்டி இருபதால் வகுத்தான். நூற்றுப் பதினெட்டு. தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினான். லோசலைன் அவன் அழுகிறான் என்று நினைத்தாள்.

"இந்த எண்ணை வச்சா விமானியும் ஒரு கோழியும்தான் போகலாம்" என்றான் அவளிடம், மூச்சு வந்ததும்.

பக்கத்துத் தீவு எவ்வளவு என்று ஃபிலிமோனே ஆவலாகக் கேட்டார். அங்கே இன்னும் போகவில்லை என்றதும், போனாலும் எங்களைத் தாண்ட முடியாது என்றார். ஹெப்பெட்டி பொறுமையாக விளக்கப் பார்த்தான். ஊரில் குண்டும் உண்டு, ஒல்லியும் உண்டு. எல்லாருக்கும் தேர்வாக ஒரே வாய்ப்பு இருந்தால்தான் இருபது பேரை வைத்து ஊரைப் பற்றிப் பேச முடியும். நீங்கள் பொறுக்கி எடுத்துக் கொண்டுவந்தால் அது ஊர் இல்லை, உங்கள் ஆசை.

"கண்காட்சிக்குச் சொத்தைக் கிழங்கையா சார் தூக்கிட்டுப் போவோம்?" என்றார் ஃபிலிமோனே. "இருபது பத்தலைன்னா சொல்லுங்க. இதே தரத்துல இன்னும் நாப்பது பேரைக் கூட்டிட்டு வர்றேன்."

"நானூறு பேரைக் கூட்டிட்டு வந்தாலும் பொறுக்கினது பொறுக்கினதுதாங்க. தப்பு அப்படியே இருக்கும். என்ன, தப்பு மேல எனக்கு நம்பிக்கை ஜாஸ்தியாயிடும்."

ஃபிலிமோனேவுக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தால் அவர் ஊர் அதிகாரியாக இருக்க மாட்டார்.

கடைசியில் குலுக்கல் என்று முடிவானது. விமானத்தில் போகிற வயதுள்ள எல்லார் பெயரையும் சீட்டில் எழுதி, காவா பானம் கலக்கும் பெரிய சட்டியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருபது எடுப்பது. பெயர் எழுதுகிற வேலை லோசலைனுக்கு. ஊரில் எல்லாரையும் தெரிந்த, எழுத்து அழகான ஆள் அவள்தான். அவளையும் பொறுக்கித்தான் எடுத்தார்கள். அதை ஹெப்பெட்டி கவனிக்கவில்லை.

மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். கேப்பு சாப்பிட்டுவிட்டுப் பாயில் மல்லாந்து கிடந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஈ ஒன்று அவன் மூக்கில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. அழகன் என்று அவனை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் குறட்டை இல்லாத சனிக்கிழமைகள் வரிசையாக அவள் கண் முன்னால் வந்தன. பாதிரியார் மாஹேயின் பெயரை எழுதியவள் அந்தச் சீட்டைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள். ஒரு ஆள்தானே. பெரிய ஆள்தான், ஆனாலும் ஒரு ஆள். அதை அடுப்பில் போட்டாள். பிறகு அடித்தொண்டைப் பாடகர்கள் போனார்கள். பிறகு மெலெனைட்டே. ஒரு தடவை கை பழகிவிட்டால் அப்புறம் அது தானாகப் போகும். நூறு கிலோவைத் தாண்டியிருப்பார்கள் என்று அவள் கண் சொன்னவர்கள் எல்லாரும் அன்று மத்தியானம் அந்த அடுப்பில் வெந்தார்கள். மீதிப் பேர் ஒழுங்காக மடித்துச் சட்டிக்குள் போனார்கள்.

சாயங்காலம் ஹெப்பெட்டி ஊர் முன்னால் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சட்டிக்குள் கை விட்டான். பார்க்கப் பக்தியாக இருந்தது. வாத்தியார் பெயர் வந்தது. மகிழ்ச்சியில் அவர் மேடை மேல் குதித்தே ஏறினார், முள் அசையவில்லை என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். மீனவர்கள், மாணவிகள், இரண்டு மெலிந்த விதவைகள். கூட்டி வகுத்தால் எழுபத்தாறு.

ஹெப்பெட்டி தலையைச் சொறிந்தான். கண்ணில் படுகிற ஊருக்கு இது கொஞ்சம் குறைவு என்று தோன்றியது அவனுக்கு. ஆனால் குலுக்கலில் அப்படியும் விழலாம், அதைத்தான் முன்னே பின்னே என்று நாலு கிலோ வைத்துச் சொல்வது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஃபிலிமோனே உடைந்துபோனார். இதை வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சினார். காலையில் வந்ததையும் மாலையில் வந்ததையும் கூட்டி இரண்டால் வகுத்தால் என்ன என்று கேட்டார். ஒன்று மேலே போன பொய், ஒன்று கீழே போன பொய், நடுவில் உண்மை இருந்தாக வேண்டுமே என்பது அவர் வாதம். ரெண்டு பொய்க்கு நடுவுலயும் பொய்யே இருக்கலாமே என்றான் ஹெப்பெட்டி. அவர் கீழே போன பொய் என்றதும் லோசலைன் ஓடுபாதைப் பக்கம் பன்றி விரட்டப் போய்விட்டாள். அன்று ஓடுபாதையில் பன்றியே இல்லை.

ஹெப்பெட்டி எண்ணைத் தலைநகருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டான். எட்டுப் பேர் போகலாம். அன்றைக்கு லோசலைன் சந்தோஷமாக இருந்தாள், மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் மாஹே கண்ணை மூடி நீளமாக ஜெபித்தார். அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நல்ல வேளை இவர் எங்கும் போகிற ஆள் இல்லை என்று நினைத்தாள்.

போகிற ஆள்தான். திங்கள் காலை கொட்டகைக்கு வந்தால், தலைநகரில் திருச்சபை மாநாடு என்று ஊர் தன் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தது. ஊர் தன் பிரதிநிதிகளை எப்படிப் பொறுக்கும் என்றுதான் தெரியுமே. பாதிரியார் மாஹே, அவர் மனைவி, ஃபிலிமோனே, மெலெனைட்டே, அடித்தொண்டைப் பாடகர்கள் இருவர். ஏழாவது ஹெப்பெட்டி. எட்டாவது கேப்பு. கூடவே மாநாட்டுக்கு என்று ஓலைக்கூடையில் கட்டிய சுட்ட பன்றிகள்.

முன்பெல்லாம் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டால் விமானி மூக்கைச் சொறிவார், ஒரு ஆளை இறக்குவார், இரண்டு கூடையைத் தள்ளி வைப்பார். எழுபத்தேழை அவரும் நம்பியதில்லை. இன்று அவர் கையில் புத்தம் புது எண் இருந்தது. அரசாங்கம் இந்த ஊருக்கே வந்து, குலுக்கல் போட்டு, அளந்து சொன்ன எண். "எழுபத்தாறா, பரவாயில்லயே" என்றார். பன்றிகளையும் ஏற்றச் சொன்னார். எல்லாரும் ஏறினார்கள். விமானம் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தடவை முனகியது. கேப்பு கடைசியாக ஏறி, சன்னல் வழியாக அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். எட்டுப் பேர், ஆளுக்கு எழுபத்தாறு என்று எழுதிய தாளில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் பாக்கி.

லோசலைன் தாளைப் பார்த்தாள். புல்தரையின் கடைசியில் இருந்த தென்னந்தோப்பைப் பார்த்தாள். தான் யாருக்காகப் பொய் சொன்னாளோ அவனையே அந்தப் பொய்க்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தப் போகிறாள் என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது.

கதவைச் சாத்தாமல், எல்லாரையும் இறங்கச் சொன்னாள். ஒவ்வொருவராக எடை மேடையில் ஏறச் சொன்னாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தன்னைக் காட்சிக்கு வைக்க இன்னொரு வாய்ப்பு கிடைத்ததில் ஃபிலிமோனே முதலில் ஏறினார். எட்டுப் பேரையும் கூட்டினால், தாளில் இருந்ததைவிட இருநூறு கிலோவுக்கு மேல் அதிகம். விமானி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"குலுக்கல்ல இப்படி ஒருத்தர்கூட வரலையே அக்கா" என்றான் ஹெப்பெட்டி மெதுவாக.

"வர மாட்டாங்க சார். சட்டியில அவங்க பேரே இல்ல. குண்டா இருக்கற எல்லார் சீட்டையும் நான் அடுப்புல போட்டுட்டேன்."

எட்டாவது இருக்கைக்காகத்தான் என்று அவள் சொல்லவே தேவையில்லை. மெலெனைட்டே கேப்புவைப் பார்த்தாள், பிறகு லோசலைனைப் பார்த்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்தது. அடித்தொண்டைக்காரர்கள் இரண்டு பேரும் அடித்தொண்டையிலேயே சிரித்தார்கள். ஹெப்பெட்டி மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது.

"நான் தலைநகருக்குச் சொல்லிட்டேனே அக்கா. என் பேரைப் போட்டுச் சொல்லிட்டேனே. கண்ணைக் கட்டிக்கிட்டா போதும்னு நெனச்சேன். சட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்திருக்கணும்."

ஃபிலிமோனேவின் முகம்தான் மலர்ந்துகொண்டே போனது. இரண்டு நாளாக அவர் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டிருந்தார். "அப்ப எழுபத்தாறு நம்ம எண் இல்ல" என்றார். "அதானே பார்த்தேன்."

கேப்பு தன் பையை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். என்னைக் கேட்டிருந்தால் நானே பட்டினி கிடந்து இளைத்திருப்பேனே என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீ வராட்டி அழுவேன், ஊரைத் திட்டுவேன், அடுத்த தடவைக்குக் காத்துட்டு இருப்பேன்" என்றாள். "நீ அந்தத் தென்னமரத்துல போய் மோதினா நான் யாருக்குடா காத்துட்டு இருக்கறது?"

அவன் பையைக் கீழே வைத்தான். எல்லார் முன்னாலும் அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். பாதிரியார் மாஹே வானத்தைப் பார்த்தார்.

விமானம் ஐந்து பேரோடும் ஒரே ஒரு பன்றியோடும் போனது. ஹெப்பெட்டி போகவில்லை. மாநாட்டைவிட இது முக்கியம் என்று ஃபிலிமோனேவும் தங்கிவிட்டார். அன்று மத்தியானமே புதிதாகச் சீட்டு எழுதினார்கள். இந்தத் தடவை ஹெப்பெட்டியும் ஃபிலிமோனேவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, தேவாலயப் பதிவோடு ஒவ்வொரு பெயராகச் சரி பார்த்தார்கள். லோசலைனைப் பேனா தொட விடவில்லை. இருபது பத்தாது என்று அறுபது சீட்டு எடுத்தான் ஹெப்பெட்டி. குண்டும் வந்தது, ஒல்லியும் வந்தது. ஃபிலிமோனேவின் பெயர் இந்தத் தடவையும் வரவில்லை, உண்மையாகவே வரவில்லை. அவர் சட்டியைக் கவிழ்த்து, தன் சீட்டு உள்ளே இருக்கிறதா என்று தேடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சமாதானமானார்.

எண்பத்தொன்பது. முன்னே பின்னே மூன்று கிலோ. யாருடைய மூன்று கிலோ என்று ஃபிலிமோனே கேட்டார். யாருடையதும் இல்லை, எங்கள் அறியாமையின் எடை என்றான் ஹெப்பெட்டி. கீழே மூன்று போனாலும் எண்பதுக்குள் வராது, இனி ஏழு பேர்தான். சராசரி என்பது ஊருக்குத்தான், அன்றன்றைக்கு ஏறுகிற ஆட்களைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று அவன் அவளிடம் தனியாகச் சொன்னான். உங்கள் கண் ஆட்களை நன்றாக எடை போடும் என்பது எனக்குத் தெரியும் என்றும் சொன்னான். அதில் கொஞ்சம் கோபம் இருந்தது. அவளை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி அவன் எழுதவில்லை.

புதன்கிழமை, அதிசயமாக, கப்பல் வந்தது. கேப்பு அதில் போனான். அடுத்த கப்பல் எப்போது என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளி மாலை ஓடுபாதையில் நின்ற பன்றிகளை விரட்டிவிட்டு லோசலைன் கொட்டகை வாசலில் நின்றாள். விமானம் லேசாக, தடுமாறாமல் வந்து இறங்கியது. ஏழு பேர் வருவார்கள் என்று காலையிலேயே தலைநகரிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் இறங்கினார்கள். ஒவ்வொருவரின் பையையும் வாங்கி வைத்தாள், நலம் விசாரித்தாள். விமானி கதவைச் சாத்தப் போனார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் போய் உள்ளே தலையை நீட்டி எட்டாவது இருக்கையைப் பார்த்தாள்.